சான் பியேர்: மே மாதத்தின் மூன்று நாட்கள்

கரீபியக் கடலில் மார்த்தினிக் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. அதன் வடமேற்குக் கரையில், பெலே என்ற எரிமலையின் அடிவாரத்தில், சான் பியேர் என்ற ஊர் இருக்கிறது. இன்றைக்கு அங்கே வசிப்பவர்கள் சுமார் 4,000 பேர், நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம். ஆனால் 1902 மே 8ஆம் தேதி காலை வரைக்கும் அந்தத் தீவிலேயே பெரிய நகரம் இதுதான். குதிரை டிராம், தெருவுக்கு மின்விளக்கு, 800 பேர் உட்காரும் நாடக அரங்கம், தாவரவியல் பூங்கா எல்லாம் இருந்தன, 'சின்னப் பாரிஸ்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அன்று காலை எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்களுக்குள் ஏறக்குறைய 28,000 பேர் இறந்துபோனார்கள்.

எரிமலை பற்றி யார் பேசினாலும் இந்த ஊர் வந்துவிடும், கூடவே சிறையில் இருந்த ஒரு கைதி மட்டும் பிழைத்த கதையும் வந்துவிடும். அதோடு ஊரின் கதை முடிந்துபோகும். எனக்கு அது ஒப்பவில்லை. இதே ஊரில் 1848 மே 22 அன்று அடிமைகள் திரண்டு வந்து தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து ஐந்து வருடத்தில், 1853 மே 6 அன்று, இந்தியாவிலிருந்து மார்த்தினிக்குக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் இங்கேதான் கரை சேர்ந்தது. அதில் வந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மூன்றும் மே மாதம். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்த ஊர் என்ன ஊர் என்பது பிடிபடும்.

பணம் எங்கிருந்து வந்தது

1635இல் பியேர் பெலேன் தெனாம்பூக் என்பவர் ரொக்சலான் ஆற்றின் முகத்துவாரத்தில் இறங்கி ஒரு கோட்டை கட்டினார். மார்த்தினிக்கில் பிரெஞ்சுக்காரர்கள் நிலைகொண்டது அங்கிருந்துதான். ஏற்கெனவே அந்த மண்ணில் வாழ்ந்த கலினாகோ மக்கள் அடுத்த இருபத்தைந்து வருடத்துக்குள் சண்டைபோட்டுத் துரத்தப்பட்டார்கள். அப்புறம் கரும்பு வந்தது, கரும்பை வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள்.

ஊருக்கு மூடிய துறைமுகம் கிடையாது, திறந்த வளைகுடாதான். ஆனால் கரையை விட்டதுமே கடல் ஆழம், அதனால் பெரிய கப்பல்கள் ஊருக்கு மிக அருகிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். பெர்த்தேன் சதுக்கத்தில் சர்க்கரைப் பீப்பாய்களும் ரம் பீப்பாய்களும் உருட்டிக்கொண்டு வரப்பட்டுப் படகுகளில் ஏறி அந்தக் கப்பல்களுக்குப் போகும். ஆட்சித் தலைமை பதினேழாம் நூற்றாண்டிலேயே தெற்கே போர் ரோயாலுக்குப் போய்விட்டது, இன்றைய போர் தெ பிரான்ஸ் அதுதான். பணமும் பத்திரிகையும் நாடகமும் மட்டும் சான் பியேரை விட்டு நகரவில்லை. நாடக அரங்கத்தைப் போர்தோ நகரத்து அரங்கத்தின் சாயலில் 1786இல் கட்டினார்கள், இரண்டு பக்கமும் வளைந்து ஏறுகிற கல் படிக்கட்டோடு. அந்தப் படிக்கட்டு இன்றைக்கும் நிற்கிறது, அதன் மேலே கட்டடம்தான் இல்லை. 'சின்னப் பாரிஸ்' பற்றி எழுதுகிறவர்கள் இந்த அரங்கத்தை நிறைய சிலாகிப்பார்கள். அந்தப் படிக்கட்டில் பட்டு உடுத்தி ஏறியவர்களின் காசு எந்தத் தோட்டத்தில் யார் முதுகில் விளைந்தது என்பதையும் கூடவே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு மேளச் சத்தம்

சான் பியேருக்கு வடக்கே ல பிரெஷேர் என்று ஒரு ஊர், இரண்டுக்கும் நடுவே கடலோரமாக ஒரு சாலை. அந்தச் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரொமேன் என்ற அடிமை இருந்தார். மரவள்ளிக் கிழங்கு துருவும் வேலை நடக்கும்போது மேளம் அடிப்பது அங்கே வழக்கம், நம்மூரில் நாற்று நடும்போது பாடுவது மாதிரி வேலையின் ஒரு பாகம் அது. 1848 மே மாதம் அந்த மேளத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ரொமேன் நிறுத்தவில்லை. பிடித்துக்கொண்டு போய் சான் பியேர் சிறையில் போட்டார்கள்.

பாரிஸில் அடிமைமுறை ஒழிப்பு ஆணை ஏப்ரல் 27ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. ஆனால் கடல் தாண்டி அது தீவுக்கு வந்து சேர வேண்டும், வந்து அறிவித்த பிறகும் இரண்டு மாதம் அவகாசம் உண்டு. விஷயம் தோட்டங்களில் பேச்சாகப் பரவியிருந்தது. காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரொமேனை விடச்சொல்லி ஒரு பெரிய கூட்டம் சான் பியேருக்கு நடந்து வந்தது. துணை மேயராக இருந்த போரி பாப்பி அவரை விடுவித்தார். கூட்டம் பிரெஷேருக்குத் திரும்பிப் போகும்போது அவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் செத்தார்கள். சேதி பரவி மே 22 அன்று ஊரே கொந்தளித்தது. இரவில் ஒரு வீட்டிலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட, கூட்டம் அந்த வீட்டுக்குத் தீ வைத்தது, உள்ளே இருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாள் நகரசபை கேட்டுக்கொள்ள, ஆளுநர் ரொஸ்தோலான் அடிமைமுறை ஒழிந்தது என்று அறிவித்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். பாரிஸின் ஆணை தீவுக்கு வந்தது ஜூன் 3ஆம் தேதி. வந்தபோது அது விடுவிக்க அங்கே அடிமைகள் யாரும் இல்லை.

மார்த்தினிக் முழுக்க இன்றைக்கும் மே 22 பொது விடுமுறை. சான் பியேர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மே 8 ஞாபகம் வருகிறது, தீவு தன் சொந்த வரலாற்றை நினைத்து விடுமுறை விடுவது மே 22 அன்றுதான். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஒரேலி கப்பல்

விடுதலை ஆனவர்களில் பலர் பழைய தோட்டத்துக்கு அதே கூலிக்குத் திரும்பிப் போக மறுத்தார்கள். தோட்டக்காரர்கள் புதிய ஆட்களைத் தேடினார்கள், புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தன. 1853 மே 6 அன்று ஒரேலி என்ற கப்பல் முன்னூறுக்கும் மேற்பட்டவர்களோடு சான் பியேரில் வந்து நின்றது. அதற்குப் பிறகு 1880களின் நடுப்பகுதி வரைக்கும் சுமார் 25,000 பேர் இப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்பது பேச்சு. திரும்பியவர்களும் உண்டு, நிறையப் பேர் அங்கேயே நோயில் செத்தார்கள், மிச்சப்பேர் அங்கேயே தங்கிப்போனார்கள், பெரும்பாலும் தீவின் வடக்கே பாஸ் புவாந்த், மக்கூபா பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில்.

பேச்சுமொழியாகத் தமிழ் அங்கே அற்றுப்போய்விட்டது. ஆனால் அந்தப் பக்கத்துக் கோயில்களில் மரியெமேன் என்றும் மால்தேவிலேன் என்றும் இரண்டு தெய்வங்களுக்குக் கிடா வெட்டிப் பூசை போடுகிறார்கள். மாரியம்மனும் மதுரைவீரனும்தான். பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், கடல் தாண்டி நாலைந்து தலைமுறை கிரியோல் என்ற தீவின் கலப்பு மொழி பேசியவர்களின் நாக்கில் நம் சாமி பெயர் எவ்வளவு தேய்ந்தும் எவ்வளவு தேயாமலும் இருக்கிறது என்று தெரியும். சாப்பாட்டிலும் இருக்கிறது. 'கொலம்போ' என்பது அங்கே வீட்டுக்கு வீடு சமைக்கிற உணவு. மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ போட்டுச் செய்வது. தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் அதை ஊற்றி வைத்தால் நம்மில் யாரும் குழம்பு என்றுதான் சொல்வோம்.

மலை பேச ஆரம்பித்தது

சரி, இப்போது 1902. பெலே மலையின் உயரம் இன்றைய அளவில் 1,397 மீட்டர், உச்சியிலிருந்து ஊர் ஏழு கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். அதற்கு முன்னால் 1792இலும் 1851இலும் மலை கொஞ்சம் சாம்பல் துப்பியிருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. முதல் தப்பு என்று சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்: மலை இதுவரைக்கும் செய்ததை வைத்தே இனிமேல் செய்யப்போவதையும் அளந்தார்கள்.

வருடத் தொடக்கத்திலேயே கந்தக நாற்றம் வர ஆரம்பித்தது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சாம்பல் எழும்பியது. மே 2க்குப் பிறகு தெருவெல்லாம் சாம்பல், குதிரைகள் மூச்சுத் திணறின, கிராமங்களில் இருந்தவர்கள் பயந்து எங்கே ஓடினார்கள் என்றால் சான் பியேருக்குள்தான் ஓடிவந்தார்கள். நகரத்தில் இருந்தவர்கள் சிலர் வெளியேறினார்கள். மே 5 அன்று மத்தியானம் மலையிலிருந்து வெள்ளையாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் கொதிக்கும் சேறு இறங்கிக் கடலோரத்தில் இருந்த கெரேன் சர்க்கரை ஆலையை உள்ளே இருந்தவர்களோடு மூடிவிட்டது. கடல் பின்வாங்கித் திரும்பவும் கரையேறியது.

ஒரு குழு போட்டார்கள். அதில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் காஸ்தோன் லாந்து இருந்தார். அவர்கள் சொன்னதன் சாரம்: மலைக்கும் ஊருக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, எரிமலைக் குழம்பு வந்தாலும் சேறு வந்தாலும் அவை வழியாகக் கடலுக்குப் போய்விடும். நேப்பிள்ஸ் நகரத்துக்கு விசுவியஸ் மலையால் எவ்வளவு ஆபத்தோ அதைவிட இங்கே அதிகமில்லை என்று பத்திரிகையில் வந்தது. அதே நேரத்தில் வளைகுடாவில் நின்ற ஓர்சோலீனா என்ற இத்தாலியக் கப்பலின் தலைவர், நேப்பிள்ஸ் பக்கத்துக்காரர், சரக்குப் பாதிகூட ஏற்றி முடிக்காமல் கப்பலைக் கிளப்பிக்கொண்டு போனார். விசுவியஸின் நிழலில் வளர்ந்தவர், மலையின் முகம் பார்த்துத் தெரிந்துகொண்டார். மே 7 அன்று பக்கத்துத் தீவான சேன் வின்சென்ட்டில் சுஃப்ரியேர் எரிமலை வெடித்து 1,600 பேர் அளவில் இறந்தார்கள். அங்கே வெடித்ததால் இங்கே அழுத்தம் குறைந்துவிடும் என்று ஆறுதல்பட்டவர்களும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வில்லன் வருவார்: ஆளுநர் லூயி மூத்தே. மே 11 அன்று இரண்டாம் சுற்றுத் தேர்தல் இருந்தது, வாக்குக்காக மக்களை ஊரைவிட்டுப் போகவிடாமல் சாலையில் படையை நிறுத்தித் தடுத்தார் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. நான் இதை நம்பவில்லை. மே 7 அன்று அவர் தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு சான் பியேருக்கு வந்து தங்கினார், மறுநாள் காலை இருவரும் செத்தார்கள். ஆபத்து தெரிந்தே மக்களைக் கட்டிவைத்தவர் மனைவியோடு வந்து படுக்கமாட்டார். தேர்தல் பரபரப்பால் மலை மேல் இருக்க வேண்டிய கவனம் சிதறியது உண்மை. ஆனால் பெரிய காரணம் வேறு. வரப்போகிற பொருளுக்கு அன்றைக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர்கூட இல்லை. எரிமலைக் குழம்பு தெரியும், சேறு தெரியும், சாம்பல் தெரியும். அந்த மூன்றுக்கும் குழு போட்ட கணக்கு பெரிய தப்பில்லை. வந்தது நான்காவது.

எட்டு மணி

மே 8, வியாழக்கிழமை, கிறிஸ்து விண்ணேற்றத் திருநாள். காலைப் பூசைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டு மணி தாண்டி இரண்டு நிமிடம் இருக்கும், மலையின் பக்கவாட்டில் இருந்த பிளவு வழியாக ஒரு கரும் மேகம் வெளியே வந்தது. பல நூறு டிகிரி சூட்டில் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த மேகம். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தரையாக, அணை உடைந்த வெள்ளம் மாதிரி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்கியது. கனமான பகுதி பள்ளத்தாக்கு வழியே கடலுக்குப் போனது, குழு சொன்ன மாதிரியே. லேசான பகுதி பள்ளத்தாக்கின் மேட்டைத் தாண்டி விரிந்து ஊர் மேல் விழுந்தது. ஓரிரண்டு நிமிடம். ரம் கிடங்குகள் பற்றிக்கொண்டன, ஊர் நாட்கணக்கில் எரிந்தது.

சுவர்களைப் பார்த்தாலே மேகம் வந்த திசை தெரியும். வடக்கு தெற்காக ஓடிய சுவர்கள் பல நின்றன, கிழக்கு மேற்காக, அதாவது மலைக்கு நெஞ்சைக் காட்டி நின்ற சுவர்கள், மூன்றடிக் கனம் இருந்தாலும் சாய்ந்துவிட்டன. சிறை அறையும் அப்படித்தான். நாடக அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அது, தனியாக நிற்கிற கல் கூடு, வளைந்த கூரை, ஜன்னல் கிடையாது, மலைக்கு எதிர்ப்புறமாக ஒரு குறுகிய கதவு, காற்றுக்கு அதில் கொஞ்சம் இடைவெளி. சண்டையில் ஒருவரைக் காயப்படுத்தியதற்காக உள்ளே தள்ளப்பட்டிருந்த சில்பாரிஸ் என்ற தொழிலாளி முதுகும் கைகால்களும் வெந்து சில நாட்களுக்கு அப்புறம் முனகல் கேட்டு மீட்கப்பட்டார். பிறகு பார்னம் பெய்லி சர்க்கஸ் அவரை அமெரிக்காவில் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தது. அவர் மட்டும்தான் பிழைத்தார் என்பது சரியில்லை. லெயோன் கொம்பேர் லெயாந்த்ர் என்ற செருப்புத் தைப்பவர் ஊரின் ஓரத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து வெந்த காலோடு ஓடித் தப்பித்தார். வளைகுடாவில் நின்ற பதினைந்துக்கும் மேற்பட்ட கப்பல்களில் ரோடம் என்ற ஆங்கிலக் கப்பல் மட்டும் எரிந்துகொண்டே தப்பி பக்கத்துத் தீவான சேன் லூசியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று காலைதான் வந்து நின்ற ரொரைமா எரிந்து மூழ்கியது, அதிலும் சிலர் பிழைத்தார்கள்.

கதை அன்றோடு முடியவில்லை. மே 20 அன்று வந்த இன்னொரு மேகம் நின்ற சுவர்களிலும் பலவற்றைத் தள்ளியது. ஆகஸ்ட் 30 அன்று மோர்ன் ரூழ் என்ற மலையோர ஊர்ப் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதாவது மே 8க்குப் பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு. எனக்கு இந்த ஆகஸ்ட் சாவுகள்தான் அதிகம் உறுத்துகின்றன. மே மாதத்தில் தெரியாது என்று சொல்லலாம். ஆகஸ்டில் அப்படிச் சொல்ல முடியாது.

பாரிஸிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் லக்ருவா என்ற நிலவியலாளர் அந்த மேகத்துக்கு 'எரியும் மேகம்' என்று பெயர் வைத்தார். எரிமலை வெடிப்பு வகைகளில் ஒன்றுக்கே பெலேயன் என்ற பெயர் நிலைத்தது. 1929இல் மலை மறுபடி எழுந்தபோது மக்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள்.

அப்புறம் என்ன ஆனது

1910இல் சான் பியேர் என்ற ஊராட்சியே சட்டப்படி இல்லாமல் போனது, பக்கத்து ஊரான கார்பேயோடு சேர்த்துவிட்டார்கள். 1923இல் திரும்பவும் ஊரானது. திரும்பி வந்தவர்களில் விக்தோர் தெப்பாஸ் ஒருவர். அழிவின்போது பிரான்சில் படித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தவர், குடும்பம் முழுதும் போய்விட்டது. மலையடிவாரத்தில் அதே நிலத்தில் ரம் ஆலையை 1917இல் மறுபடி தொடங்கினார், அது இன்றைக்கும் ஓடுகிறது.

வீடு கட்டியவர்கள் பழைய சுவர்களை இடித்துத் தள்ளவில்லை, அதன் மேலேயே கட்டினார்கள். கீழ்ப்பாதி பதினெட்டாம் நூற்றாண்டுக் கருங்கல், மேல்பாதி சிமெண்ட், அதற்கு மேல் தகரக் கூரை என்று ஒரே சுவரில் எல்லாக் காலமும் இருக்கும். சொர்க்கத்துக்கு ஏறும் தெரு என்று பெயர் வைத்த செங்குத்தான படித்தெரு ஒன்று உண்டு, அதன் நடுவே கல் வாய்க்கால். கடற்கரை மணல் கறுப்பு, எரிமலை மண் அல்லவா. காலையில் மீனவர்கள், கரையோரம் சந்தை, வளைகுடாவில் பாய்மரப் படகுகள், அடியில் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க இறங்குகிற முக்குளிப்பவர்கள். ரொரைமா ஐம்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன ரயில் மாதிரியான வண்டி அந்தக் கைதியின் பெயரிலேயே ஓடுகிறது.

அருங்காட்சியகத்தை 1933இல் தொடங்கியவர் ஃபிராங்க் பெரே என்ற அமெரிக்க எரிமலை ஆய்வாளர். 2019இல் அதைப் புதுப்பித்தார்கள். தேவாலயத்து மணி அங்கே இருக்கிறது, வெங்கலம் இளகி ஒரு பக்கம் சப்பிப்போய். கண்ணாடிக் குப்பிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

ஊரில் இளைஞர்கள் குறைகிறார்கள், தீவு முழுக்க இதே நிலைதான், வேலைக்கு போர் தெ பிரான்சுக்கோ பிரான்சுக்கோ போய்விடுகிறார்கள். 2023இல் பெலே மலையும் வடக்கு மலைகளும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நல்ல விஷயம்தான், ஆனால் பட்டியல் பார்க்க வருகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டுப் போகாமல் ஊரில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மலையும் தூங்கவில்லை. அடியில் நடுக்கங்கள் கூடியதால் 2020 டிசம்பரில் எச்சரிக்கை நிலையைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினார்கள். 1902இல் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு முழு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, இரவும் பகலும் கருவிகள் ஓடுகின்றன. இந்த முறை மேகத்துக்குப் பெயரும் தெரியும், அது எந்தப் பக்கம் இறங்கும் என்பதும் ஓரளவு தெரியும். மிச்சம் இருக்கிற சிக்கல் சாலை. வடக்கே பிரெஷேர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கடலோரச் சாலை முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் காட்டு ஒற்றையடிப் பாதைதான். 2018இல் மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் பிரெஷேரையே வெட்டிப்போட்டது. மலை எழுந்தால் அந்த ஊர்க்காரர்கள் வண்டியில் தெற்கே வர இருக்கிற வழி ஒன்றுதான்: வெள்ளையாற்று முகத்துவாரத்தைக் கடந்து, கெரேன் ஆலை புதைந்த இடத்தைக் கடந்து, ரொமேனை விடச்சொல்லி 1848இல் கூட்டம் நடந்து வந்த அதே சாலையில், சான் பியேர் வழியாக.